ஆண் கண் படாத இலை

"தண்ணி போதும். திரையப் பிடிங்க மொதல்ல!" என்று கந்தையா தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் நின்று அதட்டினார். அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட அந்தக் குரலுக்கு அடங்கி, சேலையை விரித்துப் பிடித்தார்கள். திரைக்குள்ளே, குளிப்பாட்டும் பலகையில் கருப்பாயி கிடந்தாள். கந்தையா ஓய்வு பெற்ற கங்காணி. பெண்டாட்டி செத்த அன்றும் அவர் தோள் துண்டு கலையவில்லை.

ருவான்வெல்லை பஸ்ஸை விட்டிறங்கி, றப்பர் மலைக் குறுக்குப் பாதையில் ஓடிவந்த ஒரே மகள் சுஜீதா, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெண்கள் விலக்கிய பிறகு அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குக் கெம்பஸில் இது விஞ்ஞானப் படிப்பின் கடைசி வருஷம்.

"அம்மாகிட்ட சொல்லத்தான் இந்தக் கெழமை வர இருந்தேன். நம்ம புண்ணு மருந்த சோதிச்சாச்சிப்பா. தட்டு நெறையக் கிருமிய வளர்த்து நடுவுல மருந்த வச்சோம். அதச் சுத்தி வட்டமா ஒரு கிருமி இல்ல. இன்னொரு சோதனையில ஊதாத் தண்ணி மஞ்சளா வெளுத்திருச்சி. ஒடம்பு உள்ளுக்குள்ள கெட்டுப்போகாமக் காக்கிற சக்தியும் இருக்காம்."

கந்தையாவின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. கத்தி வெட்டானாலும் ஆறாப் புண்ணானாலும் தோட்டமே அவர் வாசலுக்குத்தான் வரும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் மட்டும் 'கொல பெஹெத்' என்று சிங்களத்தில் சிரிப்பார், வெறும் இலை மருந்தாம்.

"அந்தாளும் வந்திருக்கான். அவன் காதுல விழுற மாதிரி சொல்லு."

"சொல்லலாம்ப்பா. ஆனா இனிமே பச்சை எல வேணும், செடி பேரு வேணும். அரைச்சதப் பாத்து செடியச் சொல்ல ஏலாதாம். எதுப்பா அது? ஒங்களுக்குத் தெரியும்தானே?"



அந்த இலையை வீட்டு மருமகள்தான் பறிக்க வேண்டும். விடியுமுன் தலைக்கு ஊற்றி, ஈரக் கூந்தலோடு தனியே மலைச் சரிவுக்குப் போய், மடியில் மறைத்துக்கொண்டு வருவாள். ஆண் கண் பட்டால் மருந்து பலிக்காது. மாமியார் மருமகளுக்குச் சொல்வாள். மகளுக்குச் சொல்வதில்லை. கருப்பாயி போன திசையில் கந்தையா ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்.

போன தீபாவளிக்குக் கருப்பாயி கேட்டாள். "நமக்கு மருமக ஏதுங்க? புள்ளைக்கே காட்டிர்றேனே."

"இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவளுக்கா? மருந்தப் போத்தல்ல குடு. எலையப் பத்தி மூச்சு விடாத."

அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

"அப்பா?"

"எழவு வீட்டுல கேக்குற கேள்வியா இது? போ உள்ள."

அவள் போனாள். கந்தையா மலைச் சரிவைப் பார்த்தார். எங்கும் பச்சைதான். இன்று விடியலில் கருப்பாயி வாசற்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது அவள் கூந்தல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்படியானால் மடியில் இலை இருந்திருக்கும்.

திரையை விட்டு வெளியே வந்த தங்கை இந்திராணியை ஓரமாக அழைத்தார்.

"அவ மடியில இருந்தது எங்க?"

"பாத்தேண்ணே. சேலைய அவுக்கிறப்ப பச்சையா ஒரு புடி கொட்டிச்சி."

"எங்கன்னு கேக்குறேன்."

"வாசல் பூரா ஆம்பளைங்க. ஒருத்தன் கண்ணு பட்டா நம்ம வீட்டு மானம் என்னத்துக்கு ஆகும்? அந்தச் சேலையிலயே சுருட்டி, தப்புக் காய்ச்சுற நெருப்புல போட்டுட்டேன்."

"நீ பாத்தியே, என்ன எல?"

"எனக்கு எப்படித் தெரியும்? அரைக்கிற நேரம் அம்மா என்னய ஓடைக்கில்ல தொரத்தி விடும்! வெளி வீட்டுக்குப் போறவளாச்சே." அண்ணன் முகத்தைப் பார்த்தவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏண்ணே, ஒங்களுக்குத் தெரியாதா?"

கந்தையா துண்டைச் சரிசெய்துகொண்டு வாசல் கோடிக்கு நடந்தார்.

தப்படிக்கிறவர்கள் தோலைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். சேலை பாதி எரிந்திருந்தது. பச்சிலைப் புகை, புண்ணில் பூசும் அதே வாசத்தோடு எழுந்தது.

"தள்ளி நில்லுங்க கங்காணியாரே, கண்ணக் கரிக்கும்."

ஒருவன் கம்பால் கிளறினான். சுருட்டிய துணி பிரிந்தது. உள்ளே, வாடியும் இன்னும் கருகாத ஒரு கொத்து இலை தெரிந்தது.

கந்தையாவின் கழுத்து தானாகவே மறுபக்கம் திரும்பியது.

அவர் திரும்பிப் பார்த்தபோது நெருப்பு நன்றாகப் பிடித்துவிட்டது. தப்பு முழங்கத் தொடங்கியது.