இரண்டு சுற்று

மணிக்கட்டில் மாவுக்கட்டோடு மெக்கானிக் வீட்டுக்கு வந்த அன்று அவனுக்குப் பெரிய கவலை ஒன்றும் இல்லை. பழைய எண்ணெய் வடிக்கும் தட்டில் கால் வைத்து வழுக்கி விழுந்தவன் என்று தெருவே சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆறு வாரம்தானே, பட்டறையைத் தங்கச்சி பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தான். தன் பெண்டாட்டியின் பந்தய வண்டியையும் அவள்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்பது அப்போது அவனுக்குத் தோன்றவே இல்லை.

மெக்கானிக்குக்கு ஊரில் 'முறுக்கு' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. யார் வண்டியைக் கொண்டுவந்து விட்டாலும், "வண்டின்னா முறுக்கு இருக்கணும்" என்பான். கரடுமுரடான மலைப்பாதையில் ஓட்டும் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களுக்கு அவன் கை பேர்போனது. அந்த வகை எஞ்சின் மெதுவாக ஓடும்போது தூங்கி வழியும். ஒரு கட்டம் தாண்டியதும் திடீரென்று விழித்துக்கொண்டு முதுகில் அறைந்தமாதிரி தள்ளும். புகை வெளியேறும் வாயில் பவர் வால்வு என்று ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அது எப்போது திறக்கிறது, எவ்வளவு சட்டென்று திறக்கிறது என்பதில்தான் சூட்சுமம். ஒரு ஸ்பிரிங்கும் ஒரு திருகும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. மெக்கானிக் எப்போதும் இளகிய ஸ்பிரிங்கைப் போட்டு, திருகையும் தளர்த்தி வைப்பான். கதவு படாரென்று திறக்கும். வண்டி பாயும்.

அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாரக்கடைசியில் மலைப் பந்தயம் ஓட்டுவாள். ஐந்து வருஷமாக ஓட்டுகிறாள். மூன்றாவது, நான்காவது, ஒரே ஒருமுறை இரண்டாவது. முதல் சுற்றில் முன்னால் போவாள், கடைசிச் சுற்றில் கை மரத்துப்போய்ப் பின்தங்குவாள். "உனக்குக் கையில பலம் பத்தலை. வண்டியில ஒரு குறையும் இல்லை" என்பான் மெக்கானிக். அவளும் தினமும் காலையில் எடை தூக்கிப் பார்த்தாள்.

தங்கச்சி இதற்கு முன் ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப், மரம் அறுக்கும் மிஷின் இதையெல்லாம் பழுதுபார்க்கும் கம்பெனியில் இருந்தவள். அதை மூடிவிட்டதால் அண்ணன் பட்டறைக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கட்டுப் போட்ட மறுநாள் அண்ணியின் வண்டி மேடைமீது ஏறியது. மெக்கானிக் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். தான் சொல்லச் சொல்ல அவள் செய்வாள் என்று எதிர்பார்த்தான்.

அவளோ ஸ்பானரையே தொடவில்லை. அண்ணியைப் பார்த்து, "ஓட்டும்போது எந்த இடத்துல உங்களுக்குப் பயமா இருக்கு அண்ணி?" என்று கேட்டாள்.

பேச ஆரம்பித்த டீச்சர் நிறுத்தவே இல்லை. "கல்லு மேல ஏறுறப்போ பாதி வரைக்கும் ஒண்ணுமே பண்ணாது. சரின்னு கொஞ்சம் திருகினா, பட்டுனு கிள்ளிவிட்ட குழந்தை மாதிரி எகிறும். பின் சக்கரம் சுத்தும், வண்டி குறுக்கே போகும். அதுக்குப் பயந்து ஹாண்டிலை இறுக்கிப் பிடிச்சுக்குவேன். ஓட்டுறதுல பாதி நேரம் நான் அதைப் பிடிச்சு வச்சிருக்கேனே தவிர ஓட்டலை."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. "இதெல்லாம் எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே?"

"நீங்க கேட்டதில்லையேங்க" என்றாள் அவள். குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

தங்கச்சி விறைப்பான ஸ்பிரிங்கை எடுத்துப் போட்டாள். கதவு தாமதமாக, நிதானமாகத் திறக்கும். எஞ்சின் சட்டென்று அணைந்துவிடாமல் இருக்க, அதோடு சேர்ந்து சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தில் ஒரு கனமான வளையத்தைச் சேர்த்தாள். பெட்ரோல் கொஞ்சம் குறைவாகப் போகும்படி கார்ப்ரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கினாள். டீச்சர் பட்டறைக்குப் பின்னால் இருந்த பழைய கல்குவாரியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவாள். வந்து, "இப்போ கீழே நல்லா இழுக்குது, நடுவில ஒரு சின்ன விக்கல்" என்பாள். தங்கச்சி தலையாட்டிக்கொண்டு மறுபடி கழற்றுவாள். இப்படியே வாரக்கணக்கில் நடந்தது.

"மரம் அறுக்குற மிஷின் இல்லைம்மா இது" என்று ஒருநாள் மெக்கானிக் சொன்னான்.

"ரெண்டும் ஒரே ஜாதி எஞ்சின்தானே அண்ணா. அதுல மரம் அறுபடுது, இதுல அண்ணி அறுபடுறாங்க" என்றாள் தங்கச்சி. இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெக்கானிக் மாவுக்கட்டுக்குள் கம்பியை விட்டுச் சொறிந்துகொண்டான்.

அவன் வயிறு எரிந்தது, ஆனால் வெளியில் சொல்லவா முடியும்? தங்கச்சிமேல் பொறாமை என்று சொன்னால் காறித் துப்பமாட்டார்களா? வேறொரு ஆண்பிள்ளை வந்து வேலையைப் பறித்திருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். இது அடிமடியிலேயே கை வைத்த கதையாக இருந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் மனைவி முன்பெல்லாம் நேராக மாடிக்கு வந்து அவனோடு காபி குடிப்பாள். இப்போது பையை மாட்டிக்கொண்டே பட்டறைக்குள் போய்விடுகிறாள். கரும்பலகையில் எழுதும் அதே சுண்ணக்கட்டியால் இருவரும் தரையில் ஏதோ கோடு போட்டுப் பேசிக்கொள்கிறார்கள். இவன் போனால் பேச்சு நிற்பதில்லை. அது இன்னும் மோசம். இவன் வந்தது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

பந்தயத்துக்கு நான்கு நாளுக்கு முன் கட்டைப் பிரித்தார்கள். பந்தயத்துக்கு முந்தின நாள் மதியம் தங்கச்சி டயர் வாங்கப் போயிருந்தாள், மனைவி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மெக்கானிக் வண்டியை உதைத்துக் கிளப்பினான். 'சும்மா ஒரு பார்வை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். குவாரிக்குப் போனான்.

குவாரியின் கிழக்கு மூலையில் உடைந்த கற்கள் சரிந்து கிடக்கும் ஒரு ஏற்றம் உண்டு. இளவட்டமாக இருந்த காலத்தில் அவன் அதில் மூன்று முறை ஏறியிருக்கிறான், நாற்பது முறை விழுந்திருக்கிறான். வேகமாக வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இன்றைக்குக் கை பலவீனமாக இருந்ததால் பாய அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. மெதுவாகவே ஏற்றினான். எங்கே அறையப்போகிறதோ என்று உடம்பை விறைத்துக்கொண்டு காத்திருந்தான். அறை விழவே இல்லை. கொஞ்சம் திருகினால் கொஞ்சம் கொடுத்தது, இன்னும் திருகினால் இன்னும் கொடுத்தது. சக்கரம் ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பிடித்துக்கொண்டு ஏறியது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே படி ஏறுகிறமாதிரி மேலே வந்துவிட்டான். மூச்சுக்கூட வாங்கவில்லை.

உச்சியில் எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தான். வண்டி மோசமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பெரிய மனதோடு தங்கச்சியைத் தட்டிக்கொடுத்து, எல்லாவற்றையும் பழையபடி மாற்றியிருப்பான். ஐந்து வருஷம் மனைவியை எடை தூக்கவைத்திருக்கிறான். அவள் கையில் ஒரு குறையும் இல்லை.

பட்டறைக்குத் திரும்பி வண்டியை மேடையில் ஏற்றினான். கை அரித்தது. பவர் வால்வின் மூடிக்குப் பக்கத்தில் இருந்த திருகை, ஸ்பானரை வைத்து இடப்பக்கமாகத் திருப்பினான். ஒரு சுற்று. 'கொஞ்சம் உயிர் இருக்கட்டும்' என்று முணுமுணுத்தான். இன்னொரு சுற்று. இரண்டு சுற்றுத் தளர்ந்தால் கதவு முன்கூட்டியே, படக்கென்று திறந்துகொள்ளும் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தான். துணியால் கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

பந்தயம் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றும் மலையைச் சுற்றி முக்கால் மணி நேரம். காலையில் கொடி அசைந்ததும் டீச்சர் முன்வரிசையில் கிளம்பினாள். அண்ணனும் தங்கச்சியும் பெட்ரோல் கேனோடு கூடாரத்தடியில் நின்றார்கள். அரை மணி, முக்கால் மணி ஆயிற்று. ஒவ்வொருவராக வந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு போனார்கள். டீச்சரைக் காணோம்.

ஒன்பதாவது ஆளாக வந்தாள். முழங்கைச் சட்டை கிழிந்து ரத்தம் மண்ணோடு ஒட்டியிருந்தது. பிரேக் பிடி வளைந்திருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினாள்.

தங்கச்சி பதறிப்போய், "அண்ணி, என்னாச்சு? நான் ஏதாவது சரியா பூட்டலையா? ஐயோ, என் தப்புதான் போலிருக்கு..." என்று குனிந்தாள்.

மெக்கானிக் வாயைத் திறக்கவில்லை. இத்தனை நாள் எதற்கு ஏங்கினானோ அது இப்போது தானாக நடந்துகொண்டிருந்தது. தங்கச்சி தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டாள். இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும்.

"உன் தப்பு இல்லை. வியாழக்கிழமை நான் ஓட்டின வண்டி இது இல்லை. பழைய கிள்ளல் திரும்பி வந்திருக்கு. யாரோ தொட்டிருக்காங்க" என்றாள் டீச்சர். யாரோ என்றவள் கண்ணை நேராகக் கணவன் முகத்தில் வைத்தாள். அவன் முகத்தில் ஈ ஆடவில்லை.

"எத்தனை சுத்து?" என்று கேட்டாள்.

"ரெண்டு" என்றான்.

தங்கச்சி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். பிறகு ஸ்பானரை எடுத்துத் திருகை வலப்பக்கம் இரண்டு சுற்றுத் திருப்பினாள். பிரேக் பிடியை நிமிர்த்தினாள், பெட்ரோல் ஊற்றினாள். டீச்சர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் அண்ணனும் தங்கச்சியும் ஒரே கூடாரத்தடியில் நின்றார்கள். வெகுநேரம் கழித்துத் தங்கச்சி, "எதுக்குண்ணா?" என்றாள்.

"நேத்து நானும் ஓட்டிப் பார்த்தேன்."

"சரி. பிடிக்கலையா?"

"நல்லா இருந்துச்சு. அதான்" என்றான்.

அவள் அழுதுவிடுவாள்போல் இருந்தது. திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். "அண்ணி கை உடைஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்று மட்டும் கேட்டாள்.

ஒன்பதாவதாக இருந்தவள் நான்காவதாக முடித்தாள். முதலில் வந்தவளுக்கும் அவளுக்கும் ஏழு நிமிஷ இடைவெளி. வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டுக் கணக்கு டீச்சர் கணவனிடம் வந்தாள். "விழுந்து எழுந்திருக்க நாலு நிமிஷம். அதுக்கப்புறம் அந்தக் கிள்ளலுக்குப் பயந்து ஊர்ந்து வந்தது ஒன்பது நிமிஷம். மொத்தம் பதிமூணு. ஏழைக் கழிச்சா எவ்வளவுன்னு நீங்களே போட்டுக்குங்க" என்றாள். அதன்பிறகு எட்டு நாள் அவனோடு பேசவில்லை. ஒன்பதாவது நாள் பேசியதும், "என் வண்டிப் பக்கம் இனிமே நீங்க வரக்கூடாது" என்பதுதான்.

அவன் போகவில்லை. அடுத்த பந்தயங்களுக்கு வேன் ஓட்டினான், கூடாரம் அடித்தான், பெட்ரோல் ஊற்றினான். பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போது, "தங்கச்சி இல்லையா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் ஒரு முள் குத்தியது. குத்தினாலும், "உள்ளே இருக்கா, போங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டான்.

மழைக்காலத்தின் கடைசிப் பந்தயத்தில் பாதையெல்லாம் சேறாகக் கிடந்தது. மற்றவர்கள் ஏற்றத்தில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்க, டீச்சர் அவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி வந்து முதலாவதாக முடித்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி நாத்தனார் தலையில் மாட்டிக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு கணவனைப் பார்த்தாள். கையை நீட்டினாள். அவன் அந்தச் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு, "அருமையா ஓட்டினே" என்றான். அதைச் சொல்வதில் அவனுக்குச் சிரமம் இருக்கவில்லை.

சிரமமான வேலை அடுத்தது. தங்கச்சி வண்டிமேல் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் நின்றான். இரண்டு முறை தொண்டையைச் செருமினான்.

"வேலை நல்லா இருக்குது. எனக்கு இப்படிச் செய்ய வந்திருக்காது" என்றான்.

தங்கச்சி குழாயை மூடிவிட்டு அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "என்னண்ணா மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? பல்லு வலியா?"

"பொறாமை."

"இன்னுமா?"

"இன்னும்தான். போகமாட்டேங்குது."

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "சரி, அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ அந்தப் பக்கம் பிடி, வண்டியை வேன்ல ஏத்தணும்" என்றாள். அவன் பின் சக்கரத்துப் பக்கம் போய்ப் பிடித்தான்.