வேண்டுதல் இல்லாத மொட்டை

"லீலா, லைட்டப் போடு" என்றார் ரத்னவேல். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவருக்குத்தான் இமை பிரியவில்லை. நெற்றி புடைத்து, காதுமடல் இரண்டும் பணியாரமாக உப்பி, தலையிலிருந்து வடிந்த நீரில் தலையணை ஒட்டிக்கொண்டிருந்தது. லீலா அலறவில்லை. குளியலறைக்குப் போய்க் குப்பைக்கூடையைக் கவிழ்த்து, முந்தின நாள் அவர் தலைக்குப் பூசிய சாயப் பாக்கெட்டைத் தேடி எடுத்தாள். பச்சை இலைப் படம் போட்டிருந்தது. மூலிகையாம். தேக்கா மார்க்கெட்டுக் கடையில் அவளே பார்த்துப் பார்த்து வாங்கியது.

சிங்கப்பூர் செம்பவாங்கில் அவர்கள் இருந்த ஏழாம் மாடியில் வைத்தியம் தெரியாத ஆளே கிடையாது. லிஃப்ட் வருவதற்குள் கற்றாழை, மோர், வேப்பிலை எல்லாம் சிபாரிசாகிவிட்டன. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அவர் முகவாயைப் பிடித்து, ஏலத்துக்கு வந்த பூசணிக்காயைப் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"சூடு லா இது. நேத்து கோழி சாப்பிட்டீங்களாண்ணே? வெந்தயத்த அரைச்சு அப்பு லீலா, ஒரே நாள்ல எறங்கிடும்."

"கைய எடுங்கக்கா. டாக்சி நிக்குது."

கிளினிக்கில் இருந்த டாக்டர் சின்னப் பெண். பெயர் திவ்யதர்ஷினி. இதற்கு முன் சாயம் போட்டபோது எப்போதாவது அரித்ததா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல லீலா வாயெடுப்பதற்குள் ரத்னவேல் முந்திக்கொண்டார்.

"போன தடவ காதுக்குப் பின்னால அரிச்சுது. அதுக்கு முந்தின தடவயும்."

"அதுதான் அங்கிள் வார்னிங். ஒருதடவ ஒத்துக்கலன்னா அடுத்தடுத்த தடவ இன்னும் மோசமாத்தான் ஆகும். மூலிகைன்னு போட்டிருந்தாலும், கறுப்பு மருதாணின்னு சொன்னாலும், உள்ள அதே கெமிக்கல் இருக்கலாம். இனிமே போட்டா தொண்டை வீங்கி மூச்சே நின்னுரும். முடிய ஒட்ட வெட்டிடுங்க. ஈரத்துணி வைங்க, சொறியாதீங்க. குடுக்குற மருந்தத் தவிர வேற எதையும் பூசாதீங்க."

திரும்பி வரும் டாக்சியில் லீலா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"அரிச்சத ஏன் சொல்லல?"

"சொன்னா போட விடமாட்ட. வேல காண்ட்ராக்ட் முடியுதுல்ல."

காத்தோங்கில் ஒரு காண்டோவுக்கு, வசதியானவர்கள் இருக்கும் அடுக்குமாடிக்கு, அவர் காவல். "அங்கிள், தாத்தா வந்து கேட் தொறக்கற மாதிரி இருக்குன்னு ரெசிடென்ட்ஸ் சொல்றாங்க. கொஞ்சம் யங்கா வாங்க" என்று சூப்பர்வைசர் பாலகிருஷ்ணன் சில மாதங்களுக்கு முன் சொன்னதை வீட்டில் வந்து நடித்துக் காட்டியவரும் அவர்தான். லீலாவும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மறுநாளே தேக்காவுக்கு பஸ் ஏறினாள். இப்போது யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார்மேலும் கோபம் வந்தது. சொன்னவன்மேல், கேட்டவர்மேல், இலைப்படம் போட்டவன்மேல், அதை நம்பிய தன்மேல்.

டாக்டர் எழுதிக் கொடுத்த எம்சி லீவு முடிவதற்குள் வீக்கம் இறங்கிவிட்டது. ஒட்ட வெட்டிய தலையைக் கண்டதும் பாப்பாத்தியின் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு போங்க. முருகனுக்கு வேண்டுதல்னு சொல்லிடுங்கண்ணே. மொட்டைக்கு ஏது வயசு?"

யோசனையில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்ததை மறுக்க முடியாது. எந்தக் கோயில், என்ன வேண்டுதல் என்பதை எல்லாம் சாயங்காலத்துக்குள் ஏழாம் மாடியே பேசி முடித்துவிட்டது. ரத்னவேலுக்கும் அது பிடித்துப்போயிற்று. வேலைக்குக் கிளம்பும் காலையில் லீலா சமையலறையிலிருந்து வந்து பார்த்தால், மனுஷர் கண்ணாடி முன்னால் சந்தனம் குழைத்துக்கொண்டு நிற்கிறார். தலையில் பொருக்கு இன்னும் உதிரவில்லை.

"என்ன பண்றீங்க?"

"கொஞ்சூண்டு லா. சந்தனம் இல்லாத மொட்டைய எவன் நம்புவான்?"

கிண்ணத்தைப் பிடுங்கி சிங்க்கில் கவிழ்த்தாள். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவளும் செருப்பை மாட்டினாள்.

காவலறை வாசலில் பாலகிருஷ்ணன் தொப்பிக்குக் கீழே எட்டிப் பார்த்தான். "அட, மொட்டையா அங்கிள்? எந்தக் கோயிலு?"

ரத்னவேல் பக்தியாக ஒரு சிரிப்பை முகத்தில் கொண்டுவந்தார். கைகள் பாதிக் கும்பிடுவரை எழும்பின.

"கோயில் இல்ல தம்பி" என்றாள் லீலா. "நீங்க யங்கா வரச் சொன்னீங்கல்ல, அந்த டை. இனிமே போட்டா மூச்சு நின்னுருமாம், டாக்டர் சொல்லிட்டாங்க." அவர் தொப்பியைக் கழற்றினாள். பொருக்குகளுக்கு நடுவே முடி வெள்ளையாகக் குத்திட்டு நின்றது. "இதுல இனிமே வெள்ளதான் மொளைக்கும். இந்தத் தலைக்கு வேல உண்டா இல்லையா, இப்பவே சொல்லுங்க."

"ஆன்ட்டி, மெதுவா. ரெசிடென்ட்ஸ் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"லீலா, வேண்டாம்" என்றார் ரத்னவேல், உதடு அசையாமல்.

தடுப்புக் கம்பிக்கு முன்னால் ரெசிடென்ட் ஒருவரின் வெள்ளைக் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. பழக்கத்தில் ரத்னவேலின் கை பொத்தானுக்குப் போனது. லீலா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பாலகிருஷ்ணன் காரைப் பார்த்தான், தலையைப் பார்த்தான், மறுபடி காரைப் பார்த்தான். ஹாரன் மறுபடியும், இந்த முறை நீளமாக, அடித்தது. கம்பி எழும்பவில்லை. காருக்குள் இருந்தவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். அவர் தலையும் முழுக்க வெள்ளை.