ஆலோசனை அறைக்கு உடனே வரவும்

மைக்கைத் தட்டிப் பார்த்ததோடு தீனதயாளன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்லூரி முழுக்கக் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகளில் கணீரென்று அறிவித்தார்.

"இரண்டாமாண்டு பொருளியல் பிச்சைமுத்து, மாணவர் ஆலோசனை அறைக்கு உடனே வரவும். தூக்கம் வராதது சம்பந்தமாக."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குக் காரணம் பழக்கதோஷம்தான். அந்த மைக்கில் எதைச் சொன்னாலும் 'சம்பந்தமாக' என்று முடிப்பது அங்கே வழக்கம். ஸ்காலர்ஷிப் சம்பந்தமாக, பஸ் பாஸ் சம்பந்தமாக. மனுஷனின் தூக்கமும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது.

கேன்டீன் பக்கத்து வேப்பமரத்தடியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, வராண்டா வராண்டாவாக ஓடி, பிரின்சிபால் அறை வரை வந்தது. மத்தியானத்துக்குள் பிச்சைமுத்துவின் பெயரே 'சம்பந்தமாக' என்று மாறிவிட்டது. சாயங்காலம் விடுதியில் அவன் கட்டில் காலி. டிரங்குப் பெட்டியையும் காணோம்.

மறுநாள் காலையில் மறியல் தொடங்கியது. எண்பத்தேழாம் வருஷத்து செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் சாலைக்கு வந்துவிட்டார்கள். புளியமரங்கள் வேரோடு சாய்ந்து ரோட்டுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டன. கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பஸ்ஸும் நகரவில்லை. கல்லூரியையும் மூடிவிட்டார்கள்.

தீனதயாளன் உண்மையில் விலங்கியல் விரிவுரையாளர். மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து தாக்கீது வந்தபோது, ஸ்டாஃப் ரூமில் மற்றவர்களெல்லாம் டீக்குப் போயிருந்தார்கள். இவர் மட்டும் வடையோடு மாட்டிக்கொண்டார்.

"நீங்க பி.எட்.ல சைக்காலஜி படிச்சிருக்கீங்க இல்ல?" என்றார் பிரின்சிபால்.

"ஒரே ஒரு பேப்பர் சார்."

"பாஸா?"

"பாஸ்தான் சார்."

"போதும்."

தவளையின் இதயத்தைத் தவிர வேறெதையும் திறந்து பார்த்தறியாத மனுஷன் அன்றிலிருந்து மனித மனங்களுக்குப் பொறுப்பாளரானார். அறை என்று கொடுத்தது விலங்கியல் துறையின் பழைய சாமான் அறை. ஃபார்மலின் வாடை. அலமாரியில், ஜாடிக்குள் சுருண்ட ஒரு கண்ணாடி விரியன், வருகிறவர்களைப் பார்த்தபடியே இருக்கும். வருகிறவர்கள் என்று சொல்வதும் மிகை. முதலும் கடைசியுமாக வந்தவன் பிச்சைமுத்து ஒருவன்தான்.

இன்றைக்கு எல்லாக் கல்லூரியிலும் இதற்கென்று கண்ணாடிக் கதவு போட்ட அறை இருக்கிறது. ரகசியம் காக்கப்படும் என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பிறகு அந்த மாதிரி ஓர் அறைக்கு வெளியே நிற்க நேர்ந்தபோது, தீனதயாளனுக்கு ஏனோ அந்த ஃபார்மலின் வாடைதான் வந்தது. நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிந்த வாடை. இப்போது காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ஆலோசனைக்கு வந்த அன்று பிச்சைமுத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "தூக்கம் வரலீங்க சார்" என்று மட்டும் சொன்னான். அப்புறம் எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லீங்க சார்." கல்வராயன் மலைப் பையன். அவன் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். புதன்கிழமை மறுபடி வா என்று அனுப்பினார். வரவில்லை. கிடைத்த ஒரே ஆளும் கைநழுவிப் போகிறானே என்ற அவசரத்தில்தான் மைக்கைப் பிடித்தார்.

மறியலின் இரண்டாம் நாள் காலையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கமில்லாத பையன், ஊரே சிரித்த பையன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போயிருக்கிறான். வீடு போய்ச் சேர்ந்தானா? மலைக்குப் போகும் வழியில் கோமுகி அணை அந்த வருஷம் நிறைந்து கிடந்தது. அதற்கு மேல் நினைக்க அவருக்குத் தைரியம் இல்லை.

அவர் மனைவி ராதிகா தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "சைக்கிள எடுத்துக்கினு போய்ப் பாத்துட்டு வாங்க. நேர்ல பேசுங்க. பேசறது ஜாஸ்தியா இருந்தா பாதியில நிறுத்திக்கோங்க."

வடக்கனந்தல் தாண்டியதும் ஒரு பெரிய புளியமரம் சாலையை மறித்துக் கிடந்தது. அதன்மேல் வரிசையாக ஆட்கள். பக்கத்தில் மூன்று கல் வைத்து சோறு பொங்கிக்கொண்டிருந்தது. தலையில் துண்டு கட்டிய ஒருவர் இறங்கி வந்தார். பொன்னுரங்கம், கரும்பு விவசாயி.

"இன்னா வாத்தியாரே, ஊரே நின்னுக்கினு கீது, நீங்க எங்க கெளம்பிட்டீங்க?"

"மலைக்குங்க. ஒரு பையனப் பாக்கணும்."

"பையனுக்கு இன்னா ஒடம்புக்கு?"

இந்தத் தடவை தீனதயாளன் யோசித்துத்தான் வாயைத் திறந்தார். "என் மேல கோவம். அவ்ளோதாங்க."

மரத்தின்மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். "வாத்தியாரு மேல பையனுக்குக் கோவமாம். அதுக்கு வாத்தியாரு சைக்கிள் மிதிக்கிறாராம்!"

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. "எம்பையனும்தான் எம்மேல கோவமா கீறான். மார்க் நல்ல மார்க்குதாங்க. சீட்டு கெடைக்கல. ஏர் புடிச்சிக்கினு பேசாம கீறான். அவன எந்த வாத்தியாரு வந்து பாத்தாரு?"

தீனதயாளன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பொன்னுரங்கம் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். சோறு வெந்தது. இலையில் இவருக்கும் ஒரு பங்கு விழுந்தது. இரண்டு நாளில் முதல்முறையாக அவருக்குச் சோறு இறங்கியது.

கிளம்பும்போது பொன்னுரங்கம் கேட்டார்: "மலைப் பையன்னா அவங்களுக்குத்தான் தனி ஒதுக்கீடு இருக்குதே சார், அப்புறம் இன்னா கொற?"

"அதான் தெரியலீங்க. கேக்கத்தான் போறேன்."

நாலு பேராகச் சேர்ந்து சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். "எறங்கி வரும்போது நம்ம வூட்டாண்டையும் ஒரு நடை வாங்க வாத்தியாரே" என்றார் பொன்னுரங்கம்.

அடிவாரத்து டீக்கடையில் சைக்கிளை விட்டுவிட்டு மலை ஏறினார். வழியில் உட்காராத பாறை இல்லை. ஊருக்குள் நுழைந்ததும் முதல் வீட்டிலேயே விசாரித்தார். பிச்சைமுத்துவின் அம்மா சாலம்மாள் சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே அவனும். உயிரோடு, குனிந்த தலையோடு.

தீனதயாளன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏறி வந்த களைப்பு என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

"வாங்க சார்" என்றான் அவன். ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை.

காட்டோரம் ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஏறும்போது மனசுக்குள் கோத்து வைத்ததையெல்லாம் தீனதயாளன் எடுத்துவிட்டார். தாம் செய்தது மடத்தனம் என்றார். சிரித்தவர்கள் பத்து நாளில் மறந்துவிடுவார்கள் என்றார். படிப்பு, எதிர்காலம், தன்னம்பிக்கை என்று பி.எட். பேப்பரில் எழுதிய அத்தனையும் வந்தது. இடையிடையே, "இன்னாடா, எதுனா சொல்லேன்" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க சார்."

"ஆஸ்டல்ல யாருனா எதுனா சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க சார்."

"காலேஜுக்கு வருவியா?"

"பாக்கலாங்க சார்."

மலைக்காற்று சில்லென்று வந்தது. தன்னம்பிக்கையின் மூன்றாவது அம்சத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தீனதயாளனுக்குக் கண் சொருகியது. அந்த அம்சம் என்னவென்று அவருக்கு இன்றுவரை நினைவில்லை.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தலைக்குக் கீழே மடித்த கோணிப்பை ஒன்று இருந்தது. பக்கத்தில் பிச்சைமுத்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறானா என்று பதறி எழுந்தார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"தூக்கம் வராதவனுக்குப் புத்தி சொல்ல வந்துட்டு நீங்க தூங்கிட்டீங்க சார். கொறட்ட வேற. ஆடெல்லாம் மெரண்டு அந்தாண்ட பூட்ச்சி."

"ரொம்ப நேரம் தூங்கிட்டனாடா?"

"அம்மா வந்து பாத்துட்டு, பாவம், எழுப்பாதன்னுச்சி."

இருவருமாகச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது தீனதயாளனிடம் கேள்விகளே மிச்சமில்லை. பி.எட். பேப்பர் தீர்ந்துபோயிருந்தது. தெருவில் எதிர்ப்படுகிறவர்களைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"நல்லா கீறியாடா?"

பிச்சைமுத்து சாமைக் காட்டைப் பார்த்தான். அப்புறம் அவரைப் பார்த்தான்.

"இல்லீங்க சார். நல்லா இல்ல. ஆஸ்டல்ல ராத்திரியானா யாருக்கு எவ்ளோ சீட்டுன்னு சண்ட போட்டுக்கினே இருப்பாங்க. ஒருத்தன் என்னப் பாத்து, ஒனக்கு இன்னாடா, ஒனக்குத்தான் இருக்குதேன்னுவான். அவனோட சண்ட போட்டவனும் அதையேதான் சொல்லுவான். இதுல மட்டும் ஒண்ணா பூடுவாங்க. வெளக்க அணைச்சப்புறம் எனக்கு அப்பிடி இன்னாதான் இருக்குதுன்னு யோசிச்சிக்கினே கெடப்பேன். விடிஞ்சி பூடும். நீங்க மைக்குல சொன்னதுக்காக மட்டும் நான் ஊருக்கு வரல சார். அதுக்கு முன்னாடியே பொட்டி கட்டிட்டேன். படிக்கணும்னு ஆசதான் சார். ஆனா தனியா அந்த கேட்டுக்குள்ள நொழைய பயமா கீது. நீங்க கூட வந்தா வரேன்."