திருக்கழுக்குன்றத்துக் கல்யாணம்

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி மறுபடியும் நெகிழ்ந்துவிட்டது. பரிமளா ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கச் சொல்லி, குனிந்து முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் செங்கல்வராயனுக்கு உயிரோடு இருந்தபோதே கால் ஓரிடத்தில் நிற்காது. ஆயுசு முழுக்கக் கார் ஓட்டிய மனுஷன். தூக்கத்தில்கூட பிரேக் மிதிப்பார்.

வெளியே யாரோ, "மேல ஏத்துடா, இன்னும் மேல" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் பேனர் கட்டுகிறார்கள் என்று மருமகள் வைஷாலி வந்து சொன்னாள். மாமல்லபுரம் டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள் செலவு.

"இன்னா போட்டுகீறாங்க அதுல?"

வைஷாலி தரையைப் பார்த்தாள். "மாமா படம்தான் அத்த. கூட அந்தம்மா படமும்."

அந்தம்மா என்றால் அந்த வீட்டில் ஒருவர்தான். நடிகை வசுமதி. எழுபதுகளில் பத்துப் பதினைந்து படங்களில் நடித்து, பட்டிபுலம் பக்கம் கடலைப் பார்த்து ஒரு வீடு கட்டி, அதில் ஆற அமர இருந்து பார்ப்பதற்குள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தவர். செங்கல்வராயன் அவருக்குக் கார் ஓட்டினார். பரிமளா அதே வீட்டில் சமையல். பேன் பார்க்கக்கூட ஆளில்லாமல் வந்த பெண்ணை உட்கார வைத்துத் தலை பின்னிவிட்டது வசுமதி அம்மாதான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்ப்பதைக் கண்டுபிடித்துக் கல்யாணம் பண்ணி வைத்ததும் அவர்தான்.

அவர் செத்து இருபது வருஷத்துக்குப் பிறகு ஒரு புத்தகம் வந்தது. வாழ்க்கை வரலாறு என்று பெயர். பக்கத்துக்குப் பக்கம் 'கூறப்படுகிறது', இல்லாவிட்டால் 'அந்நாளில் பேச்சு உண்டு'. கூறியது யார், பேசியது யார் என்று ஒரு வரி கிடையாது. செத்தவர்கள் எழுந்துவந்து சட்டையைப் பிடிக்கமாட்டார்கள் என்கிற தைரியம். அந்தப் புத்தகத்தில்தான், வசுமதிக்கும் அவருடைய கார் டிரைவருக்கும் திருக்கழுக்குன்றம் கோயிலில் ரகசியத் திருமணம் நடந்ததாகக் கூறப்பட்டிருந்தது. சாட்சிக்குப் படமும் இருந்தது. கழுத்தில் மாலையோடு செங்கல்வராயன், பக்கத்தில் பட்டுப்புடவையில் வசுமதி.

அந்தக் கல்யாணம் நடந்தது நிஜம். மணப்பெண்தான் வேறு. மணப்பெண் பரிமளா.

படத்தில் செங்கல்வராயனுக்கு ஒரு பக்கம் வசுமதி அம்மா, மறுபக்கம் பரிமளா. புத்தகத்தில் பரிமளா இல்லை. வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். அன்று பரிமளா அழுத அழுகை தனக்காக அல்ல. ஒரு நல்ல காரியம் செய்ததற்காக ஒருவர் பெயர் இப்படியா நாற வேண்டும் என்றுதான் அழுதாள்.

"படத்த பாத்துட்டு தரேன்னு அந்தப் புத்தகக்காரன் வாங்கினு போனான். வெட்டிட்டான். திருப்பியும் தரல. நான் இன்னா பண்றது?" என்றார் செங்கல்வராயன்.

மெட்ராசுக்குப் போய்க் கேளுங்கள் என்று நச்சரித்து அனுப்பினாள். போய்விட்டு வந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டதாகவும், அடுத்த பதிப்பில் மாற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார். அன்றைக்கு அவருக்காக வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள்.

அதன்பிறகு அவர் தலைக்கு மை அடிக்க ஆரம்பித்தார். டாக்ஸி ஸ்டாண்டில் அவரைக் காட்டி, "அவருதான், வசுமதியோட…" என்று இழுப்பார்கள். ஆமாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொள்வார். பரிமளா கேட்டால், "ஊர் வாய மூட முடியுமா?" என்பார்.

மேளம் ஒரு சுற்று அடித்து ஓய்ந்த நேரத்தில் ஸ்டூடியோ ராமதாஸ் மாலையோடு வந்தார். பெட்டியின் மேல் சாத்திவிட்டு, பரிமளாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பேனர் நல்லா வந்துகீதா தங்கச்சி? விடியறதுக்கு முந்தியே உன் புள்ள லோகு வந்து கதவ தட்னான். நல்லவேள, அந்தப் படம் என் கம்ப்யூட்டர்ல இருந்திச்சி."

"உன்கிட்ட எப்பிடி வந்துச்சி அது?"

"அண்ணாத்த குடுத்ததுதான். புத்தகத்துக்கு அனுப்பணும்னு எடுத்துகினு வந்தாரு. இந்தப் பக்கம் வேணாம் ராமதாசு, அம்மாவும் நானும் மட்டும் வந்தா போதும்னு பக்கத்துலயே நின்னு வெட்டச் சொன்னாரு." அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"மீதிய இன்னா பண்ண?"

"அவருதான் வாங்கினு போனாரு."

பரிமளா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. என்ன கேட்டாலும் பதில் வராத முகம். வாங்கிக்கொண்டு போய் எங்கே போட்டார்? கடலிலா, குப்பையிலா? யார் யாரையோ ஏற்றி இறக்கிக்கொண்டு, வாழ்நாளெல்லாம் முதுகை மட்டுமே காட்டிய மனுஷனுக்கு, நாலு பேர் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்திருக்கலாம். அதைக்கூட மன்னித்திருப்பாள். வஞ்சிரக் குழம்பை இரண்டாம் முறை ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. காலையிலிருந்து வந்துகொண்டிருந்த அழுகை அப்படியே நின்றுபோயிற்று.

மகன் லோகுவை உள்ளே கூப்பிட்டாள். "அந்த பேனர அவுக்கச் சொல்லு."

"இன்னாமா நீ. ஸ்டாண்டுல அத்தினி பேரு நின்னுகினு கீறாங்க."

"அது என் கல்யாணம்டா. உனக்குத் தெரியாதா?"

லோகு வாசலை எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான். "நைனாவ இன்னிக்குப் போயி சிரிப்பா சிரிக்க வைக்காதமா."

"உங்க நைனா பேரு போவும்ன்றியே. அந்தம்மா பேரு?"

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. புத்தகக்காரர். வெள்ளைச் சட்டை, பெரிய ரோஜா மாலை. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. மாலையைப் போட்டுவிட்டுக் கைகூப்பியபடி பரிமளாவின் முன்னால் வந்து நின்றார்.

"பெரிய மனுஷர்மா. கடைசிவரைக்கும் ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்லை."

பரிமளா எழுந்து நின்றாள். அவள் குரல் வாசல்வரை கேட்டது.

"திருக்கழுக்குன்றத்துல நடந்தது என் கல்யாணம். அம்மா தாலித் தட்ட புடிச்சிகினு நின்னாங்க. இவரு தாலி கட்னது எனக்கு. நீ எழுதுனது பொய்யி."

மேளக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

புத்தகக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். "உங்க மனசு எனக்குப் புரியுதும்மா," என்றார் கனிவாக. "ஆனா நான் அவர்கிட்டயே கேட்டேன். அவர் மறுக்கலையே." பிறகு லோகு பக்கம் திரும்பினார். "அம்மா இதை ஏத்துக்கலைன்னு அடுத்த பதிப்புல ஒரு வரி சேர்த்துடறேன் தம்பி."

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னது பரிமளாவின் காதில் தெளிவாக விழுந்தது. "எந்தப் பொம்பளதான் ஒத்துக்குவா? பாவம், இம்மா நாளு மனசுலயே வச்சிகினு இருந்துகீது."

அடுத்தவள் உச்சுக் கொட்டினாள். அவ்வளவுதான். இத்தனை வருஷம் அரைகுறையாய் நம்பியவர்கள்கூட அந்த நிமிஷத்தில் முழுசாக நம்பிவிட்டார்கள். பரிமளா உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு அவளுடைய அண்ணன் பிறந்த வீட்டுக் கோடியைக் கொண்டுவந்து போர்த்தியபோதும், தலை கொள்ளாமல் பூ வைத்தபோதும், அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாடை எழுந்தது. பட்டாசு வெடித்தது. வழக்கப்படி பெண்கள் தெருமுனைவரை போனார்கள், அதற்குமேல் ஆண்கள்தான். பொரியும் பூவும் இறைத்துக்கொண்டு மேளச்சத்தம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பி மறைந்தது. கூட வந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். பரிமளா வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே தலையைத் தூக்கினாள்.

கண்ணீர் அஞ்சலி. கம்பத்துக்கும் கம்பத்துக்குமாக ஆள் உயரத்துக்கு மேல் அந்தப் படம். அவளுடைய மாப்பிள்ளை, இருபத்தாறு வயசு, மாலையோடு சிரிக்கிறார். பக்கத்தில் வசுமதி அம்மா, இரண்டு கையாலும் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு. புத்தகத்தில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத படம் இங்கே வீட்டுச் சுவர் அளவுக்கு இருந்தது.

"அத்த, போலாமா? வூடு கழுவணும்." வைஷாலி அவள் முழங்கையைப் பிடித்தாள். பிடித்தவள் தானும் மேலே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அத்த, அந்தம்மா ரெண்டு கையும் தட்டுல கீது."

வைஷாலி விரலை நீட்டிக் காட்டினாள்.

"அப்போ இது யார் கையி?"

படத்தின் ஓரத்தில், வெட்டின கோட்டை ஒட்டி, மணிக்கட்டு நிறையக் கண்ணாடி வளையலும் நுனி சிவந்த விரல்களுமாக ஒரு கை, செங்கல்வராயனின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதையும் எடுக்க வேண்டுமென்றால் அவர் விரலையும் சேர்த்தல்லவா வெட்டியிருக்க வேண்டும்.

"வா," என்றாள் பரிமளா. "தண்ணி வர நேரம்."

நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வைஷாலி இன்னும் அங்கேயே அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள்.