நாவல் மரத்தடிக் காளான்

இரண்டு நாள் ஐப்பசி இடி உருட்டிய உருட்டலில் ஆற்றங்கரைக் காட்டில் காளான் பூத்திருக்கும் என்று காளியம்மாளுக்குத் தெரியும். ஆனால் அது பண்ணையின் காடு. அங்கே சுள்ளி பொறுக்கினாலே திருட்டு. போன சித்திரையில் குடிசைக்கு இரண்டு மூங்கில் வெட்டினான் என்று அவள் புருஷன் கோவிந்தராசுவை நாவல் மரத்தில் கட்டிவைத்து அடித்தார் பண்ணைக் காரியக்காரர் குஞ்சிதபாதம். இடுப்பு ஒடிந்து படுத்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவன்தான் நேற்று, "காளான் கொழம்பு தின்னா தேவலை புள்ள" என்றான். அவன் வாய்விட்டு ஒன்று கேட்டே ஆறு மாதமாகிறது. எப்படிப் போகாமலிருப்பாள்?

விடிந்ததும் காட்டுக்குள் புகுந்தாள். மழையில் நனைந்த நொச்சி மணத்தது. இலுப்பைச் சருகுக்கடியில் மரவட்டை சுருண்டது. செத்த மூங்கில் தூரில் மஞ்சள் மஞ்சளாய்க் குடை விரித்திருந்ததை அவள் தொடவில்லை. பார்க்கத்தான் அழகு, தின்றால் ஆள் காலி. சாணத்தில் முளைத்ததும் வேண்டாம். அவளுக்கு வேண்டியது புற்றுக்காளான். பாழாய்ப்போன அது எங்கே பூத்திருந்தது? அந்த நாவல் மரத்தடியிலேதான். பட்டையில் கயிறு அறுத்த தழும்பு அப்படியே இருந்தது. நிமிர்ந்து பார்க்காமல் குனிந்து, வெள்ளை மொட்டுகளைப் பிடுங்கி மடியில் போட்டாள்.

"எவடி அவ?"

குஞ்சிதபாதம்! பின்னாலேயே குடையும் காகிதக் கட்டுமாக ஒரு சர்க்கார் அதிகாரி. காளியம்மாள் மடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். நமக்கும் இதே மரந்தான் என்று நினைத்தாள்.

"திருட்டுக் கழுதைங்க சார். நீங்க வாங்க, போவலாம்."

"இருங்க" என்றார் அதிகாரி. "பேரு என்னம்மா?"

"காளியம்மாங்க. கோவிந்தராசு சம்சாரம்."

அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். அவளையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நில உச்சவரம்பு விசாரணைக்கு வந்திருக்கேன். இந்தக் காடு ஏழு ஏக்கரும் பண்ணை ஒங்களுக்கு வித்துட்டதா பத்திரம் இருக்கு. ரெண்டு வருசமாச்சு. பட்டா ஒங்க பேருலதான். ஒங்க நெலந்தானேம்மா?"

காளியம்மாள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். குடியிருக்கும் மனைக்குப் பட்டா வாங்கித் தருகிறேன் என்று குஞ்சிதபாதம் கைநாட்டு வாங்கிப்போனது நினைவுக்கு வந்தது. சட்டத்துக்குத் தப்ப, பண்ணை கண்ட கண்ட பேரிலெல்லாம் நிலத்தை எழுதிவைத்த கதை ஊரறிந்ததுதான். அதில் தன் பேரும் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அப்படியானால் அந்த மூங்கில்? அவளுடையது. இந்த மரம்? அதுவும் அவளுடையது.

குஞ்சிதபாதம் திருடனைத் தேள் கொட்டியதுபோல் விழித்தார். குரலைத் தாழ்த்தி, "ஆமான்னு சொல்லிடு புள்ள. காளான நீயே எடுத்துக்க" என்றார். அவள் இல்லையென்றால் உபரி நிலமென்று சர்க்கார் எடுத்துக்கொள்ளும்; ஆமென்றால் காடு பண்ணைக்கே தங்கும்.

"ஆமாங்க, எங்க நெலந்தான்" என்றாள் காளியம்மாள்.

குஞ்சிதபாதத்துக்கு மூச்சு வந்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"நல்லா எழுதிக்குங்கய்யா. எங்க நெலத்துல, எங்க மூங்கில வெட்டுனதுக்கு, எங்க மரத்துலயே எம்புருசனக் கட்டிவச்சு இடுப்ப ஒடிச்சாரு, இந்தா நிக்கிறாரே, இவரு. அதையும் சேத்து எழுதிக்குங்க."