ஸ்கேலுக்கு அடியில் ஒரு பூங்கா

தோட்டக்காரர் வியாழக்கிழமை காலை வேளையில் நகராட்சிக் கூடத்துக்குள் வந்து நின்றதே ஒரு அதிசயம். பூங்காவை விட்டு அவரைக் கிளப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சம்பளக் கையெழுத்துக்கே ஆள் விட்டுத்தான் கூப்பிட வேண்டும். அவர் நேராகத் தண்ணீர்க் கட்டண மேசைக்கு வந்தது அதைவிடப் பெரிய அதிசயம். ஏனென்றால், அந்த மேசையில் இருப்பது அவருடைய மனைவி. ஒரே கூரைக்குக் கீழ் சம்பளம் வாங்குகிறவர்கள் என்றாலும், அலுவலகத்தில் இருவரும் கல்யாண வீட்டில் அறிமுகம் ஆனவர்களைப்போலத்தான் பேசிக்கொள்வார்கள்.

"பூங்காவுல தண்ணி வரல மேடம்," என்றார்.

"அடைப்பா இருக்கும். பிட்டர் அண்ணன அனுப்புறேன்."

குழாய் வேலை பார்க்கும் பிட்டர் ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வாயிலிருந்து எடுக்காமலே, "அடைப்பெல்லாம் இல்லக்கா. நேத்து சாயங்காலம் நான்தான் மூடி சீல் வெச்சேன். நீங்க குடுத்த லிஸ்ட்லதான இருந்துச்சு?" என்றார்.

மேடத்தின் கை மேசைமேல் இருந்த பட்டியலைத் தேடிப் போனது.

அந்தச் சின்ன ஊரின் நகராட்சிக்கு இருப்பது ஒரே கூடம். அதில் பூங்காப் பிரிவு, கட்டடப் பராமரிப்புப் பிரிவு, தண்ணீர்க் கட்டணப் பிரிவு என்று மூன்றும் முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும். தண்ணீர்க் கட்டணப் பிரிவின் அம்மாவை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஸ்கேல் அக்கா என்றால்தான் தெரியும். மாதக் கடைசியில் இணைப்பு துண்டிக்க வேண்டியவர்களின் பட்டியல் வந்தால், அக்கா முதல் வேலையாக மர ஸ்கேலை எடுத்துப் பெயர் இருக்கும் பத்தியின்மேல் வைத்து மறைத்துவிடுவாள். இணைப்பு எண், மூன்று நோட்டீஸ் போயிருக்கிறதா, பதில் உண்டா. இதை மட்டும் பார்த்து டிக் அடிப்பாள். பெயரைப் பார்த்தால் முகம் ஞாபகம் வரும், முகம் ஞாபகம் வந்தால் கை தயங்கும் என்பது அவள் கட்சி. அப்படித்தான் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் இணைப்பைப் போன வருஷம் வெட்டினாள். கூடப்பிறந்த அண்ணனின் இணைப்பையும் வெட்டினாள். அண்ணன் நாலு மாசம் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. ஊரில் முணுமுணுத்தார்கள், ஆனால் அக்கா ஆள் பார்த்து வேலை செய்கிறாள் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வந்ததில்லை. அதில் அவளுக்கு நிறையவே பெருமை உண்டு.

இப்போது பட்டியலை எடுத்து, ஸ்கேல் இல்லாமல் பார்த்தாள். கடைசிக்கு முந்தின வரியில் 'நகராட்சிப் பூங்கா' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பூங்காவுக்கு எந்தக் காலத்திலும் பில் போனதில்லை. இந்த வருஷம் வந்த புதுக் கம்ப்யூட்டருக்குத்தான் சொந்த வீடு, பிறத்தியார் வீடு என்ற பேதம் தெரியவில்லை. எல்லோருக்கும் அனுப்பியதுபோல் பூங்காவுக்கும் அனுப்பிவிட்டது.

"மூணு நோட்டீஸ் வந்திருக்குமே. அத என்ன பண்ணீங்க?"

"எந்த நோட்டீஸ்?"

"மஞ்சக் கவரு. சாப்பாட்டுப் பையோட வெச்சேனே!"

பூங்காவுக்குக் கதவும் இல்லை, தபால் பெட்டியும் இல்லை. பில் கொடுக்கும் பையன்கள் 'உங்க வீட்டுக்காரருதான' என்று கவரை அக்காவிடமே நீட்டிவிடுவார்கள். அவளும் அதை அவருடைய சாப்பாட்டுப் பையில் வைப்பாள், வாயைத் திறக்காமல். வாயைத் திறக்காததற்குக் காரணம், அந்த வீட்டின் ஒரே சட்டம். கல்யாணமான புதிதில் ஒரு பூங்கா பெஞ்சுக்குப் பச்சை வண்ணமா நீலமா என்று ஆரம்பித்த பேச்சு, ஒரு வாரம் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிடும் அளவுக்குப் போனது. அன்றைக்கு அக்காதான் சட்டம் போட்டாள்: அலுவலகப் பேச்சு வீட்டு வாசப்படி ஏறக்கூடாது. ஆகவே, பூங்காப் பிரிவு மேசையில் கொடுத்துவிடுவார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஏதோ சுற்றறிக்கை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தோட்டக்காரர் சற்று யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளேயிருந்து நாலைந்து பூ விதைகள் மேசைமேல் உருண்டன. தாளின் மறுபக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'இறுதி எச்சரிக்கை' என்று இருந்தது.

"நல்ல கெட்டித் தாளு. விதைக்கு ஈரம் ஏறாது," என்றார்.

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பிட்டருக்குப் புரையேறிவிட்டது. தோட்டக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"புல்லு வெச்சு இன்னும் வேர் புடிக்கல. இந்த வெயில்ல ரெண்டு நாளு தண்ணி காட்டலேன்னா சுருண்டுடும். ஞாயித்துக்கிழம பிள்ளைங்களுக்குத் திறந்து விடுறோம்னு ஊர் பூரா சொல்லியாச்சு. சீல எடுக்கச் சொல்லு. ஒரு கையெழுத்துதான?"

பதற்றத்தில் மேடம் போய் 'சொல்லு' வந்துவிட்டதை அவரே கவனிக்கவில்லை. பூங்காவின் நடு மைதானம் அத்தனை வருஷமாய் வெறும் செம்மண். அங்கே விளையாடிவிட்டு வருகிற பிள்ளைகளை அடையாளம் கண்டுபிடிக்கவே குளிப்பாட்ட வேண்டியிருக்கும். அதற்குப் புல் வேண்டும் என்று இந்த மனுஷன் எத்தனை பேரின் காலைச் சுற்றினார் என்று அக்காவுக்குத் தெரியும். வாசப்படிச் சட்டத்தையும் மீறி, தூக்கத்தில் புல்லைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

அவள் பேனாவை எடுத்தாள். எடுத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பணம் கட்ட வந்தவர்களின் வரிசையில் தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். போன வருஷம் ஒரு வாரம் தெருமுனையிலிருந்து குடம் சுமந்தவள். அவள் பேனாவை மட்டும் பார்த்தாள்.

"விண்ணப்பம் குடுங்க," என்றாள் அக்கா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "கட்டடப் பிரிவுல பார்த்து எழுதித் தரணும். அப்புறம் ஆபீஸ் பெரியவர் கையெழுத்து. அவரு திங்கக்கிழமதான் வர்றாரு."

அடுத்த மேசையில் கட்டடப் பிரிவுக்காரர் தொண்டையைச் செருமினார். காரை பெயர்ந்த சுவர், புதர் மண்டிய வாசல் என்று எதைக் கண்டாலும் நோட்டீஸ் ஒட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஊரில் அவருக்கு நோட்டீஸ்காரர் என்று பெயர்.

"இன்னொரு சின்ன விஷயம் மேடம். காலையில வர்ற வழியில பூங்கா கேட்டுல ஒரு நோட்டீஸ் ஒட்டிட்டேன். புல்லு ஓரத்துல லேசா வாடியிருந்துச்சு. வாடினா ஒட்டணும்ல. அது சரியாகாம நான் எழுதித் தர முடியாது."

"அதாவது, தண்ணி விட்டாத்தான் புல்லு பச்சையாகும், புல்லு பச்சையானாத்தான் தண்ணி விடுவீங்க," என்றார் பிட்டர். "நல்லா நடத்துறோம்யா ஊர!"

தோட்டக்காரர் விதைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, இறுதி எச்சரிக்கையில் மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அன்று மாலை வீட்டில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அக்காவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அது அலுவலக விஷயம். அவருக்கு அவளை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்திருக்கும். அதுவும் அலுவலக விஷயம்தான். சண்டை போட்டு ஆற்றிக்கொள்ளக்கூட வழியில்லாமல், தானே போட்ட சட்டத்துக்குள் தானே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடியும் முன்பே அவர் எழுந்து வீட்டுக் குழாயில் இரண்டு வாளி பிடித்துச் சுமந்துகொண்டு போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். அத்தனை பெரிய மைதானத்துக்கு அது நாக்கை நனைக்கவும் காணாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அக்கா டிபன் பாக்ஸைத் திறக்காமல் பூங்காவுக்கு நடந்தாள். கேட்டில் நோட்டீஸ்காரரின் கைவண்ணம் நாலு மூலையும் பசை வழிய ஒட்டியிருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். புல்லின் ஓரமெல்லாம் மஞ்சளாகி, நடுவில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது. தோட்டக்காரர் பழைய சாக்குகளை நனைத்துப் புல்மேல் போர்த்திக்கொண்டிருந்தார். குளிர் காய்ச்சல் கண்ட பிள்ளைக்குச் செய்கிற மாதிரி ஓரங்களை இழுத்து இழுத்து விட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவி, நானல்லவா செய்தேன் என்று நினைத்தாள். அவர் நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தாரா என்று தெரியவில்லை. அதற்குள் அவள் நகர்ந்துவிட்டாள்.

அலுவலகத்தில் பிட்டர் அவள் மேசை ஓரமாக வந்து குனிந்தார்.

"அக்கா, சீலு தானா கழண்டுடுச்சுன்னு எழுதிக்கலாம். யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்க மாட்டார்கள்தான். அதுதான் அவளை வதைத்தது. தையல்காரம்மா கேட்க மாட்டாள், பேனாவைப் பார்த்த மாதிரி பார்த்துவிட்டுப் போவாள். அண்ணன் கேட்க மாட்டார், சிரிப்பார். நாளைக்கு ஸ்கேலை எடுத்துப் பட்டியல்மேல் வைக்கும்போது அது கோடு போடுகிற வெறும் மரத்துண்டாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்கேலைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு, செத்த புல்லுக்குப் பக்கத்தில் அந்த மனுஷனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

"வேணாம்ண்ணே," என்றாள். மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினாள்.

வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் இருந்தது. ஒரு முனையை வாசல் குழாயில் மாட்டி, மறுமுனையை இழுத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். சரியாகத் தையல்காரம்மா வீட்டு வாசலில் அது தீர்ந்துபோனது. பூங்கா இன்னும் தெருக்கோடியில் இருந்தது. கையில் குழாய் முனையோடு நடுத்தெருவில் நிற்பது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தையல் மிஷின் சத்தம் நின்றது. தையல்காரம்மா வெளியே வந்து, குழாயைப் பார்த்தாள், தெருக்கோடியைப் பார்த்தாள்.

"சீல எடுக்கலியாக்கா?"

"இல்ல."

"நெசமாவா? உங்க வீட்டுக்காரருக்கேவா?"

"உனக்கு எடுத்தேனா?"

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "நல்ல பொம்பளக்கா நீங்க! கட்டிக்கிட்டவர் பாடு திண்டாட்டந்தான். சரி, என் குழாய்லேர்ந்தே புடிச்சுக்குங்க. கிட்டக்க இருக்கும்."

"தண்ணி என் வீட்டுதா இருக்கட்டும். தப்பு என்னோடது, மீட்டரும் என்னோடதா ஓடட்டும். ரப்பர் குழாய் இருந்தா குடு."

தையல்காரம்மா தன் குழாயைக் கொண்டுவந்தாள். இரண்டையும் சேர்த்து, தைத்து மிஞ்சிய துணிக்கிழிசலால் இறுக்கிக் கட்டினாள். எதிர்வீட்டு பஸ் டிரைவர், இரண்டு முறை இணைப்பு வெட்டுப்பட்டவர், கேட்காமலே ஒரு குழாயைச் சுருளோடு தூக்கிவந்து, "இதுல ரெண்டு ஓட்ட இருக்கு. ஓட்டைக்கு நோட்டீஸ் அனுப்பிடாதீங்க," என்றார். பிட்டர் சைக்கிளில் வந்து இறங்கி, "ஆபீஸ் நேரம் முடிஞ்சிடுச்சு. இப்ப நான் சும்மா ஒரு மனுஷன்," என்று பையிலிருந்து கிளிப்புகளை எடுத்தார். குழாய் வீடு வீடாக நீண்டது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒருவர் குந்திக்கொண்டார்.

கடைசியில் நோட்டீஸ்காரர் வந்தார். எல்லோரும் அவர் கையில் பசை டப்பா இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது.

"பொது வழியில குழாய் போட்டிருக்கீங்க," என்றார். "ஒரு வீட்டுத் தண்ணிய இன்னொரு இடத்துக்கு விடலாமா மேடம்?"

"விக்கக்கூடாதுன்னு விதி இருக்கு சார். குடுக்கக்கூடாதுன்னு எங்கயும் இல்ல," என்றாள் அக்கா.

நோட்டீஸ்காரர் யோசித்தார். அவர் காலடியில் பஸ் டிரைவரின் குழாய் ஓட்டை புஸ்ஸென்று அவர் பேண்டை நனைத்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தவர், பசை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலால் அந்த ஓட்டையை அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"புல்லு பச்சையானா எனக்கும் ஒரு வேல முடியும்ல," என்றார், யாரும் கேட்காமலே.

அக்கா வாசல் குழாய்க்கு ஓடினாள். அங்கிருந்து பூங்கா தெரியாது. திருகிவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பி, ஆள்மாற்றி ஆள் கைமாறி வந்தது. "வந்துடுச்சாம்!" "வந்துடுச்சாம்க்கா!"

"போதுமான்னு கேளுங்க!" என்றாள். கேள்வி தெருவோடு போனது. பதில் வந்தது. "இன்னும் வேணுமாம்!"

இன்னும் கொஞ்சம் திறந்தாள். சுவரோரம் மீட்டரின் சிவப்பு முள் சுற்ற ஆரம்பித்தது. அத்தனை வேகமாக அது சுற்றி அவள் பார்த்ததில்லை. மஞ்சள் ஓரம் திரும்பப் பச்சையாகுமா, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேர் பிடிக்குமா என்று யாருக்குத் தெரியும். முள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுபடி ஏதோ செய்தி வந்தது. இந்த முறை கூச்சலாக இல்லை. ஒவ்வொருவரும் அதைச் சொல்லும்போது சிரித்தார்கள் போலிருந்தது. கடைசியாகத் தையல்காரம்மா தன் வாசலிலிருந்து கையைக் குவித்துக்கொண்டு கத்தினாள்:

"அக்கா! இது ஆபீஸ் பேச்சா வீட்டுப் பேச்சான்னு தெரியல. உங்க வீட்டுக்காரர் கேக்கச் சொன்னாராம்!"

"என்னவாம்?"

"மத்தியானம் ஏன் சாப்பிடலன்னு!"

அப்படியானால் கேட்டில் நின்றதைப் பார்த்திருக்கிறார். தெருவில் அத்தனை பேரும் குழாயைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவள் குனிந்து, வாசல் குழாயின் திருகில் மிச்சமிருந்த ஒரு சுற்றையும் திறந்துவிட்டாள். ரப்பர் குழாய் ஒருமுறை துள்ளி, விறைத்து, வாசலைத் தாண்டித் தெருவில் ஓடியது.