பங்களாத் தோட்டத்துக் கீழாநெல்லி

சித்திரை வெயிலில் கீழாநெல்லி முளைக்காது. அதற்கு ஈரம் வேண்டும். என் மகள் லோகநாயகிக்குக் காமாலை வந்ததோ சித்திரையில்தான். கண், நகம் எல்லாம் மஞ்சள். நான் செடி தேடிக் கிளம்பிய அன்று காலையிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை.

பூந்தமல்லியில் கட்டுக்கட்டாய் விற்றார்கள். நான் வாங்கவில்லை. கீழாநெல்லிக்கு இலைக்கடியில் வரிசையாய்க் காய் தொங்கும். அந்தக் கட்டில் பாதி, அதே ஜாடையில் வேறு செடி. விற்கிறவன் எவனையும் நான் நம்புகிறதில்லை. ஆஸ்பத்திரியைச் சுத்தமாய் நம்புகிறதில்லை. அங்கே நடந்து போன என் பெண்சாதியைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன்.

திருவேற்காட்டில் ஏரிக்கரை, கிணற்றடி எல்லாம் பார்த்தாயிற்று. காய்ந்த புல்தான். காட்டுப்பாக்கத்தில் ஒரு பங்களாவில் தினமும் தண்ணீர் பாய்ச்சுவார்கள். சைக்கிளை மிதித்தேன். கேட் திறந்திருந்தது. ரோஜாப் பாத்தி ஓரம் முழுக்கக் கீழாநெல்லி, பச்சைப்பசேலென்று. ஒன்றைத் திருப்பினேன். அடியில் காய். மண்டிபோட்டுக் கைநிறையப் பிடுங்கினேன்.

"யோவ், கீழ போடுயா!" தோட்டக்காரன் ஓடி வந்தான்.

"களைதானே, எடுத்துகினு போறேன். பொண்ணுக்குக் காமாலை."

"காலைலதான் களைக்கு மருந்து அடிச்சேன் நைனா. வெசம்."

"யார் காதுல பூ சுத்துறே? வாடவே இல்லியே."

"அடிச்சவொடனே வாட அது இன்னா உன் மூஞ்சியா? ரெண்டு நாள் ஆவும்."

துரத்துவதற்குச் சொல்லும் பொய் என்றே நினைத்தேன். துண்டில் முடிந்துகொண்டு சைக்கிளிடம் போனேன். அவன் முன்னால் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"இத்த அரைச்சுக் குடுத்தா நீயே கொன்னா மாதிரி. அடிக்கணும்னா அடி. உடமாட்டேன்."

பிடியை விடவில்லை. வெறும் களைக்காக எவனும் அடி வாங்க நிற்கமாட்டான். துண்டை உதறினேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இனி எங்கே போய்த் தேடுவது?

"பொண்ணுக்கு நெனவு கீதா?"

"காலைலேர்ந்து இல்ல."

"அடப்பாவி மனுசா! தழை தேடிகினு கீறியே! எய்ந்திரு. முனைல ஆட்டோ நிக்குது, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கு."

"அங்க போனா செத்துரும்யா."

"ஊட்ல இருந்தா?"

எழுந்தேன்.

அவன் குழாயைத் திறந்துவிட்டு, துணி சோப்புத் துண்டு ஒன்றை நீட்டினான். தேய்த்துக் கழுவினேன். அவசரத்தில் மூக்குக்குத் தெரியாத மருந்து வாடை, இப்போது கழுவியும் போகவில்லை. மறுபடி கழுவினேன். இந்தக் கையால்தான் அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்ற வேண்டும்.